தாளம் அவருடைய இடக்கையில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரிதம் அண்ட் புளூஸ் (ஆர் அண்ட் பி) என்ற அமெரிக்க இசை பற்றிய கட்டுரை, பியானோ வாசித்துப் பாடிய ஃபேட்ஸ் டாமினோவைப் பற்றி விரிவாகப் பேசியது. மகிழ்ச்சி. ஆனால் அதே நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ப்ரொஃபசர் லாங்ஹேருக்கு ‘மற்ற புளூஸ் பியானோக்காரர்கள்’ என்ற பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே இடம் கிடைத்திருக்கிறது. அவரை வெறும் புளூஸ்காரராகச் சேர்த்தது சரியல்ல. அந்த நகரத்துப் பியானோ இன்றும் போடும் நடை பெருமளவு அவர் போட்டுக்காட்டிய நடைதான்.

இயற்பெயர் ஹென்றி ரோலண்ட் பேர்ட். 1918 டிசம்பர் 19 அன்று லூசியானாவின் பொகலூசாவில் பிறந்து, நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தார். சிறுவயதில் தெருவில், காலணியால் தரையில் தாளம் தட்டும் டாப் நடனம் ஆடிக் காசு சேர்த்தவர். பியானோ பழகியது சில கட்டைகள் வேலை செய்யாத ஒரு பழைய வாத்தியத்தில். காலில் இருந்த தாளம் கைக்கு ஏறியதை அவருடைய எந்தப் பதிவிலும் கேட்கலாம். நிமிர்ந்த பியானோவின் கீழ்ப்பலகையைக் காலால் உதைத்து, அதையே பாஸ் டிரம்மாக ஆக்கிக்கொள்வார்.

அந்த நடை என்ன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. உங்கள் வாசகர்களில் கீபோர்டு பழகுகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நான்கு அடி கொண்ட ஒரு பாரை, அதாவது ஒரு தாளச் சுற்றை, எட்டாகப் பிரியுங்கள். அந்த எட்டை 3, 3, 2 என்று கட்டுங்கள். வாயால் ‘தகிட தகிட தக’ என்று சொன்னால் போதும்; ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் இடக்கை ஒரு சுரம் போட வேண்டும். சி மேஜர் என்றால் 1-இல் சி, 4-இல் ஈ, 7-இல் ஜி. இது கியூபாவிலிருந்து வந்த ரும்பா பாஸ். ஹவானாவுக்கும் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கும் நெடுங்காலப் போக்குவரத்து உண்டு. லாங்ஹேருக்கு வெகு முன்பே ஜாஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் இந்தச் சாயலைப் பியானோவில் வாசித்திருக்கிறார். லாங்ஹேர் செய்தது, அதைப் புளூஸுக்கு அடியில் நிரந்தரமாக உட்கார வைத்தது. 1949-இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஒரு பாட்டுக்கு ‘லாங்ஹேர்ஸ் புளூஸ் ரும்பா’ என்றே பெயர்.

மேலே வலக்கை ஓரடிக்கு மூன்று என்ற ட்ரிப்லெட்டில் உருளும். சிக்கல் இங்கேதான். பழகுகிறவர்களுக்கு வலக்கையின் மூன்று இடக்கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ரும்பா பாஸ், நெடில்-குறிலாக ஊசலாடும் சாதாரண ஷஃபிள் நடையாக மாறி, பாட்டு தட்டையாகிவிடும். இடக்கையைத் தனியாக, மெட்ரோனோமை 70-இல் வைத்து, பேசிக்கொண்டே வாசிக்கும் அளவுக்குப் பழகிய பிறகுதான் வலக்கையைச் சேர்க்க வேண்டும். சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி வாசித்தால் மூன்று பாஸ் சுரங்களும் ஒன்றோடொன்று கலங்கி, இடையில் இருக்க வேண்டிய இடைவெளி போய்விடும். கீபோர்டில் தானியங்கி ரும்பா ஸ்டைலைப் போட்டுவிடாதீர்கள். அதிலேயே ஒரு பாஸ் ஓடிக்கொண்டிருப்பதால் உங்கள் இடக்கைக்கு வேலையே இருக்காது.

இன்னொன்று, கட்டையில் விரல் வழுக்குவது. சி சுருதியில் ஈ-ஃபிளாட் கறுப்புக் கட்டையிலிருந்து ஈ வெள்ளைக் கட்டைக்கு ஒரே விரலைச் சறுக்கினால் அந்த அழுகை வந்துவிடும். எஃப், ஜி சுருதிகளிலும் இதே போல நடக்கும். ஆனால் ஈ, ஏ சுருதிகளில் மேஜர் மூன்றாம் சுரம் கறுப்புக் கட்டையில் விழுகிறது. கீழேயிருந்து மேலே சறுக்க முடியாது, இரண்டு விரல் போட்டாக வேண்டும். பாடகருக்காக ஈ சுருதிக்குப் போக நேர்ந்தால் சி-யில் வாசித்து சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை நாலு ஏற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

இவ்வளவு இருந்தும் அவர் பெயர் ஏன் பரவவில்லை? முதல் காரணம், ஒரே ஆள் பல பெயர்களில் வெளிவந்தது. 1949-இல் ‘ப்ரொஃபசர் லாங்ஹேர் அண்ட் ஹிஸ் ஷஃப்ளிங் ஹங்கேரியன்ஸ்’. 1950-இல் மெர்குரியில் ‘ராய் பேர்ட் அண்ட் ஹிஸ் புளூஸ் ஜம்பர்ஸ்’. அட்லாண்டிக்கில் ‘புளூஸ் ஸ்காலர்ஸ்’. அமெரிக்கா முழுவதும் விற்ற அவருடைய ஒரே வெற்றிப் பாட்டு ‘பால்ட் ஹெட்’. ஆர் அண்ட் பி பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது. அது வந்ததோ ராய் பேர்ட் என்ற பெயரில். அடுத்த தட்டைத் தேடி லாங்ஹேரிடம் வர வாங்கியவருக்கு வழியே இல்லை. டாமினோவைப் போல ஊர் ஊராகப் போய் வாசிக்கவும் இல்லை. ஐம்பதுகளில் பக்கவாதமும் தாக்கியது.

1953-இல் பதிவான ‘டிப்பிட்டினா’வில் டிரம்ஸ் ஏர்ல் பாமர். சாம்பியன் ஜாக் டுப்ரீயின் ‘ஜங்கர்ஸ் புளூஸ்’, டாமினோவின் ‘தி ஃபேட் மேன்’, லாயிட் பிரைஸின் ‘லாடி மிஸ் க்ளாடி’ ஆகியவற்றைப் போலவே எட்டு பாரில் சுற்றி வரும் புளூஸ் குடும்பத்தைச் சேர்ந்த பாட்டு இது. நான்கையும் வரிசையாகக் கேட்டால் லாங்ஹேர் எங்கே விலகிப் போகிறார் என்பது காதுக்கே தெரியும். 1959-இல் ரான் நிறுவனத்துக்குப் பாடிய ‘கோ டு தி மார்டி கிரா’ அந்த ஊர்த் திருவிழாப் பாட்டாகவே ஆகிவிட்டது. ஆண்டுதோறும் அது ஒலித்துக்கொண்டிருக்க, அறுபதுகளில் அவர் சீட்டாடியும் ஒரு இசைத்தட்டுக் கடையைப் பெருக்கியும் பிழைத்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

1971-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் விழாவுக்காக க்வின்ட் டேவிஸ் அவரைத் தேடிப்பிடித்து மேடையேற்றினார். 1975-இல் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி குயீன் மேரி கப்பலில் கொடுத்த விருந்தில் வாசித்தது தட்டாகவும் வந்தது. 1977-இல் ‘டிப்பிட்டினாஸ்’ என்று அவர் பாட்டின் பெயரிலேயே ஒரு கிளப் திறந்தார்கள். 1980 ஜனவரி 30 அன்று, ‘க்ராஃபிஷ் ஃபியஸ்டா’ ஆல்பம் வெளிவந்த நேரத்தில், தூக்கத்திலேயே காலமானார். கிராமி விருது கிடைத்தது அதற்கும் ஏழு ஆண்டுகள் கழித்து.

அவரைப் பற்றிப் பலர் தவறாக எழுதும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1964-இல் வந்த ‘பிக் சீஃப்’ தட்டில் பியானோ மட்டும்தான் லாங்ஹேர். பாடியதும் சீழ்க்கை அடித்ததும் ஏர்ல் கிங் என்ற பாடகர். முதன்முதலாகக் கேட்கிறவர்கள் அதிலிருந்து தொடங்காமல், 1949, 1953 பதிவுகளை அட்லாண்டிக் தொகுத்து 1972-இல் வெளியிட்ட ‘நியூ ஆர்லியன்ஸ் பியானோ’வை எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் ‘க்ராஃபிஷ் ஃபியஸ்டா’. இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் இடக்கை கேட்காது.

இப்படிக்கு,
கீபோர்டு கற்பிக்கும் ஒரு வாசகர்,
திருச்சி