டிரிங்கோமலி: அடுத்தது பலகை ஒட்டுதல்

நண்பர்களே, நம்ம டிரிங்கோமலி கப்பல் மாடலுக்கு விலா எலும்பு மாதிரியான குறுக்குச் சட்டங்கள் நின்றாச்சு. அசல் டிரிங்கோமலி, 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தேக்கென்றால் சும்மாவா!

ஞாயிறு மாலை 4 மணிக்கு ராயபுரம் மொட்டைமாடியில் பலகை ஒட்டத் தொடங்குகிறோம். முகப்பில் வளைவு அதிகம். பலகையாக ஒட்டும் மெல்லிய பட்டையை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, கிளிப் போட்டுக் காயவிட்ட பிறகுதான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். இடம், வலம் என மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் ஏரா (கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரம்) முறுக்கிக்கொள்ளும்.

கிளிப் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், எவ்வளவு இருந்தாலும் பத்தாது. வீட்டில் தனியாகக் கட்டுபவர்கள் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். அப்புறம், குட்மார்னிங் படங்கள் இங்கே வேண்டாமே.