காலைப் பார்க்கச் சொல்

சிவமயம்

காரைக்குடி

சிரஞ்சீவி சொக்கலிங்கத்துக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். மேல்வீட்டுக்கு ஓடு மாற்றிய கணக்கைப் பிறகு எழுதுகிறேன்.

முன்பெல்லாம் உன் மகன் சின்னவனுடைய மூன்று மாதச் சர்க்கரை அளவை நான் கேட்காமலே தொலைபேசியில் சொல்வாய். முன்னோருக்கான படைப்புக்கு வந்து திரும்பியது முதல் சொல்வதில்லை. கேட்டால் மீனாளைக் குறை கூறியதாகிவிடுமோ என்று நானும் கேட்கவில்லை. 6 ஆண்டுகளாக நள்ளிரவில் எழுந்து அளவு பார்த்து ஊசி போடுகிறவளைக் குறை கூற எனக்கு என்ன தகுதி?

போன வாரம் என் சர்க்கரைக்காகச் சென்றபோது, மருத்துவர் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பை என் கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னார். வகுப்பில் நான் தட்டியவை 256, 512 என்று அதிர்வெண் பொறித்தவை, அவருடையது 128. நின்றுவிட்டது என்றேன். அவர் அதைத் தம் விரலில் வைத்துப் பார்த்தார். அங்கே அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

முதல் வகைச் சர்க்கரை வந்து 5 ஆண்டு கடந்த பிள்ளைகளுக்கு, 10 வயதோ பருவமோ எது முந்தியதோ அப்போதிலிருந்து சர்க்கரையால் கால் நரம்பு மரத்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் இப்படிப் பார்க்க வேண்டுமாம். சின்னவனுக்கு 11 ஆகிறது. மரத்துப்போகிறது என்று பிள்ளை வாய்திறந்து சொல்வதற்கு முன்பே நரம்பு செய்தி கடத்தும் வேகம் குறையத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அதை அளக்கவும் தனிப் பரிசோதனை இருக்கிறது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுக் கேட்பதும், குதிகால் நாரைச் சுத்தியலால் தட்டுவதும் சில நிமிட வேலைதான். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் நரம்புச் சேதம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறையும் என்று 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே பயப்படாதே, பார்க்கச் சொல். கணக்கில் அவன் நூறு வாங்கியதை ஆத்தா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இருந்தாலும் காலைப் பார்க்கச் சொல்.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். படைப்பன்று உச்சிவேளையில், முற்றத்துக் கருங்கல்லில் மற்றப் பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஓட, இவன் மட்டும் அசையாமல் நின்று பம்பரம் சுற்றினான். சூடு தாங்குகிற கெட்டிக்காரன் என்று மெச்சியவன் நான். இரவில் கால் கழுவிவிடும்போது, இடது பெருவிரலின் அடியில் காசளவு கொப்புளம் இருந்தது. வலிக்கிறதா என்றேன். "எது ஐயா?" என்றான்.

விசேட வீட்டில் பேச்சு வேண்டாமென்று விளக்கெண்ணெய் தடவி, யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நான் கேட்டதால்தான் அவன் மறைத்தான், அவனைக் கோபிக்காதே. மருத்துவரிடம் மறக்காமல் சொல்: இடது கால், பெருவிரல்.

இப்படிக்கு,
அப்பச்சி