கேட்கத் தெரிந்த நடிகை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் நடிகை லட்சுமியைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். 1968இல் வெளியான 'ஜீவனாம்சம்' தொடங்கி, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' தேசிய விருது பெற்றுத் தந்தது வரை விரிவாக எழுதியவர், விஜய் தொலைக்காட்சியில் லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்' உரையாடல் நிகழ்ச்சியை ஒரே வரியில் கடந்துவிட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரே அமர்ந்தவர் தயங்கும்போது காத்திருக்கவும், அழும்போது பேசாமலிருக்கவும் தேர்ந்த நடிகைக்குத் தெரியும். அதுவும் நடிப்புக்கு இணையான கலைதான்.

செந்தூல் அடுக்குமாடி வீட்டில் என் தாயார் அந்நிகழ்ச்சியைத் தவறவிட்டதே இல்லை. ஒருநாள் அது முடிந்ததும், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தாம் பட்ட துன்பங்களை முதன்முறையாக எங்களிடம் சொன்னார். முப்பது ஆண்டுகள் வாய் திறவாதிருந்தவர் அவர்! ஆகவே மலேசிய அரசு ஒலிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மும் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவும் இத்தகைய நிகழ்ச்சிக்காக, மேடையிலும் வானொலி நாடகத்திலும் பழுத்த உள்ளூர் நடிகை ஒருவரிடம் வாரம் அரை மணி நேரத்தை ஒப்படைக்க வேண்டும். முதல் விருந்தினர்களாகத் தோட்டத்துப் பாட்டிமார்களை அழைக்கலாம்.

வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்