பாஸ்போர்ட் படிவம் நிரப்பித் தரும் தம்பி தங்கைகளுக்கு

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி என்று பஸ் ஸ்டாண்டை ஒட்டி பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

பரீட்சை முடிவு வந்த மறுநாள் உங்கள் கடைவாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆதார் திருத்தம், வருமானச் சான்று, பட்டா, பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி முடித்துத் தருகிறீர்கள். அந்த அவசரத்தில் நீங்கள் தாண்டிப் போகிற ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பாஸ்போர்ட் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம்: கிவன் நேம் (சொந்தப் பெயர்), சர்நேம் (குடும்பப் பெயர்). இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுதவேண்டும். சர்நேமைக் காலியாக விட்டாலும் படிவம் ஏற்றுக்கொள்ளும். "நமக்கு ஏதுக்கா சர்நேம்" என்று சொல்லி, சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் முதல் கட்டத்திலேயே சேர்த்து அடித்து அனுப்பிவிடுகிறீர்கள். என்னுடையதையும் 12 வருஷத்துக்கு முன் ஒரு தம்பி அப்படித்தான் அடித்தான். நல்ல பையன், காபி கூட வாங்கித் தந்தான்.

என் பெயர் இசக்கியம்மாள், அப்பா பெயர் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். நம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள். அமெரிக்க விசாவில் சர்நேம் இல்லாமல் முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பியிருந்தால், அதில் இருப்பது மொத்தத்தையும் சர்நேமாக வைத்துக்கொண்டு, முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போய் இறங்கிய பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்த விசாவைப் பார்த்து எழுதப்பட்டவை. ஒரு கிளினிக்கில் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரோ சீனாக்காரப் பெண் போல என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு எழுதும்போது கல்லூரிச் சான்றிதழில் எஸ். இசக்கியம்மாள், திருமணச் சான்றிதழில் இசக்கி அம்மாள் என்று நடுவில் ஒரு இடைவெளி, பான் அட்டையில் சுடலைமுத்து தனியாகப் பிரிந்து கடைசிப் பெயர், விசாவில் எஃப்.என்.யூ. நான்கும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி வாங்கி, அதற்கென்றே ஒரு ஃபைல் வைத்திருந்தேன்.

பான் அட்டைக் கதை வேடிக்கையானது. பாஸ்போர்ட் படிவம் சர்நேம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்கிறது. பான் படிவத்துக்குக் கடைசிப் பெயர் கட்டாயம். அதே கடையில், அதே நாற்காலியில், அதே தம்பி ஒரு வாரம் முன்னே பின்னே இரண்டையும் நிரப்பியிருப்பான். அந்தந்தப் படிவம் கேட்டதைக் கொடுத்திருப்பான். கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வளைகுடா போகிறவர்கள் பாடு இன்னும் அவசரம். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்து மற்றதில் ஒரே ஒரு சொல் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்புறம் சிலருக்குத் தளர்த்தினார்கள். ஆனாலும் வெறும் மைதீன் என்று பாஸ்போர்ட் எடுத்தவர்கள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இல்லாமலா இருப்பார்கள்? அந்த மைதீனுக்கே ஒரு வீட்டுக்குள் அண்ணனுக்கு ஒரு ஸ்பெல்லிங், தம்பிக்கு ஒரு ஸ்பெல்லிங். ஸ்பெல்லிங் விஷயத்தில் அரசாங்கமே தடுமாறியதுதான். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஊருக்கு அது சரி. ஆளுக்குத் திரும்பப் பெறுவது அவ்வளவு லேசில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். சர்நேம் கட்டத்துக்கு வந்ததும் கையை நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்தப் பெயரை கிவன் நேமிலும் அப்பா பெயரை சர்நேமிலும் போடுங்கள் என்பது என் யோசனை. ஆனால் அதன் விலையையும் சொல்லிவிடுங்கள்: வெளிநாட்டில் எல்லோரும் உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். மிஸ் சுடலைமுத்து என்று கேட்டால் முதலில் ஒரு மாதிரி இருக்கும். பழகிவிடும். எஃப்.என்.யூ.வுக்கு அது எவ்வளவோ மேல்.

பெண்பிள்ளைகள் வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கல்யாணம் ஆன கையோடு மாமியார் வீட்டார் கூடவே வந்து வீட்டுக்காரர் பெயரைப் போடச் சொல்வார்கள். கணவர் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக அச்சாகும், அவள் பெயரோடு ஒட்டவேண்டியதில்லை என்று சொல்லுங்கள். சான்றிதழ் எல்லாம் அப்பா இனிஷியலில் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் மட்டும் மாற்றினால், பின்னால் அபிடவிட்டுக்கு அலையப்போவது அவள்தான்.

சின்னக் குழந்தை என்றால் பிறப்புச் சான்றிதழை முதலில் பாருங்கள். தாத்தா பெயரை வைத்திருப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று வீட்டில் துரை என்றோ ராசா என்றோ கூப்பிட்டு, அதுவே பள்ளிக்கூடத்தில் ஏறியிருக்கும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். அதில் உள்ள எழுத்துக்கூட்டையே மற்ற எல்லாவற்றிலும் பின்பற்றுங்கள். மூன்று தலைமுறைப் பெயரையும் சேர்க்கச் சொன்னால் மட்டும் தடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கிற வரியில் பெயருக்கு 39 இடம்தான். சிவசுப்பிரமணியனும் சங்கரநாராயணனும் அதில் அடங்குவார்கள். தாத்தாவும் ஏறினால் வால் அறுந்துபோகும்.

ஏற்கெனவே ஒற்றைக் கட்டத்தில் பாஸ்போர்ட் எடுத்து, வெளிநாட்டு விண்ணப்பம் பாதியில் நிற்கிறவர் வந்தால், அவசரப்பட்டுப் பெயரைப் பிரிக்காதீர்கள். அந்த விண்ணப்பம் எந்தப் பெயரில் போனதோ அதே பெயரில் முடியட்டும். அமெரிக்க விசா படிவத்தில் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கிற இடத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போகாமல், பழைய சான்றிதழில் உள்ள வடிவங்களை எழுதிவிடுங்கள். பின்னால் அபிடவிட் காட்டும்போது அது கைகொடுக்கும்.

அதே படிவத்தில், தாய்மொழி எழுத்தில் முழுப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். பக்கத்திலேயே 'பொருந்தாது' என்று டிக் அடிக்க ஒரு சதுரம். நீங்கள் டிக் அடித்துவிட்டு நகர்வதை நானே பார்த்திருக்கிறேன். தமிழ்த் தட்டச்சு உங்களுக்குத் தெரியும்தானே, பட்டா மனு எல்லாம் அதில்தானே அடிக்கிறீர்கள். அந்தக் கட்டத்தில் சுடலைமுத்து இசக்கியம்மாள் என்று தமிழில் அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டை அக்கா