மருத்தின் எஞ்சின் கணக்கு

ஆசிரியருக்கு,

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் சோவியத் வடிவமைப்பான மிக்-21 போர் விமானம் விமானப்படையிலிருந்து விடைபெற்றதிலிருந்து, உள்நாட்டுப் போர் விமானங்களின் பழங்கதை மறுபடி பேசப்படுகிறது. எச்.எஃப்-24 மருத் பற்றிப் பேச்சு வந்தாலே, 'நாம் அருமையாகச் செய்தோம், வெள்ளைக்காரன் எஞ்சின் தராமல் கெடுத்தான்' என்பதுதான் பல்லவி. அதில் பாதிதான் உண்மை.

ஜெர்மானியர் குர்ட் டாங்க் பெங்களூரில் வடிவமைத்து, 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்த மருத், ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்துக்குத் திட்டமிடப்பட்டது. இரட்டை எஞ்சின் விமானம் அது. அதற்காக நம்பியிருந்த எஞ்சின் பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12. ஆஃப்டர்பர்னருடன் (எஞ்சினின் பின்புறம் கூடுதல் எரிபொருளை எரித்து விசை கூட்டும் அமைப்பு) ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும். பிரிட்டன் தனக்கு அது வேண்டாமென்று கைவிட்டது. மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்றால் தொடரலாம் என்ற நிலை வந்தபோது டெல்லி மறுத்துவிட்டது. பெருமைக் கதையில் இந்த வரி மட்டும் காணாமல் போகிறது.

கடைசியில் பூட்டியது ஆர்ஃபியஸ் 703. ஆஃப்டர்பர்னர் இல்லை, விசை சுமார் 2,200 கிலோதான். எகிப்தோடு சேர்ந்து பார்த்த இ-300 எஞ்சினும் 1969-ல் நின்றது. 703-க்கு நாமே ஆஃப்டர்பர்னர் பொருத்தினோம். அதற்கு இடம் கொடுக்க விமானத்தின் பின்பகுதி பருத்தது, காற்றுத்தடை கூடியது, கிடைத்த விசையை அது தின்றது. அந்த மாதிரியைச் சோதிக்கையில்தான் 1970 ஜனவரி 10-ல் சோதனை விமானி குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் தரைத்தாக்குதலுக்கு மருத் நன்றாகவே உழைத்தது. தாழப் பறக்கையில் ஆடாமல் நிற்கும். ஒலிவேகத்தைத் தாண்டவில்லை என்பதற்காக அதை மட்டமென்பதும் தவறு.

இன்றைய உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் விஷயத்திலும், எஞ்சினில் இதே வழுக்கல். அதற்காக 1989-ல் ஒப்புதல் பெற்ற உள்நாட்டுக் காவிரி எஞ்சினுக்கு உந்துவிசை இலக்கு 81 கிலோநியூட்டன். எட்டியது 70-ஐ ஒட்டி. எடையோ 1,100 கிலோ வரம்பைத் தாண்டியது. காவிரி என்றாலே வரத்துக் குறைவுதான் போலும். உயரப் பறப்புச் சோதனைக்கு ரஷ்யா போக வேண்டியிருந்தது, அதற்கான வசதி இங்கே இல்லை. கடைசியில் தேஜஸில் பூட்டியது அமெரிக்க எஃப்-404 எஞ்சின். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தமானது. அவற்றுக்கான முதல் எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வந்தது 2025 மார்ச்சில்.

பெருமைப்பட இடமே இல்லையா? இருக்கிறது. 1998 அணுசோதனைக்குப் பின் தடை விதித்த அமெரிக்கா, தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கான ஒத்துழைப்பை நிறுத்தியது. நம் பொறியாளர்கள் அதை முடித்து, 2001 ஜனவரி 4-ல் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார்கள். தலைப்புகளில் வர வேண்டியது இதுதான், வருவதோ 'முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு'.

சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் இறங்கும் படத்தை அடுத்த முறை வெளியிடும்போது, எஞ்சின் அமெரிக்கா, வெளியேற்று இருக்கை பிரிட்டன், பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் பெங்களூர் என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

- வாசகர், சூலூர், கோவை மாவட்டம்