பாதை போட்ட தம்பிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 16 வெற்றி நாளையொட்டி 1971 போரைப் பற்றி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். பசந்தர் ஆற்றுச் சண்டையைப் பற்றியும், 21 வயதில் அங்கே உயிர்விட்ட டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பாலைப் பற்றியும் மனம் கனக்கும்படி எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த டாங்கிகள் கண்ணிவெடி புதைத்த நிலத்தை எப்படித் தாண்டின என்று ஒரு வரிகூட இல்லை. அங்கே பாதை போட்டவர்களில் ஒருவர் என் பெரியப்பா. போன மாதம் 76 வயதில் காலமானார்.

அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற, இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1780இல் தொடங்கிய படை அது. பயிற்சி மையம் பெங்களூரில் இருக்கிறது. அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத வடக்கத்தி அதிகாரிகூட அப்படித்தான் அழைப்பாராம். பெரியப்பாவும் கடைசிவரை தன்னைவிடச் சின்னவர்கள் எல்லாரையும் தம்பி என்றே கூப்பிட்டார், என் மகள் உட்பட.

போரைப் பற்றி அவராகப் பேச மாட்டார். நான் ஒருமுறை விடாமல் கேட்டதால் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்துவந்து தோட்டத்து மண்ணில் குப்புறப் படுத்துக் காட்டினார். கம்பியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது. கண்ணிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும். அதனால் சாய்வாகச் செருகி அதன் பக்கவாட்டைத் தொட வேண்டும். தட்டுப்பட்டால் கையாலேயே மண்ணை விலக்க வேண்டும். அப்புறம் அரை முழம் முன்னால் நகர்ந்து மறுபடி குத்த வேண்டும். சுத்தமான இடத்தின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள். இதெல்லாம் இருட்டில், தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது! பசந்தரில் பாதை முழுதாகத் தயாராகும் முன்பே டாங்கிகள் உள்ளே வர வேண்டியதாயிற்று. அங்கே கண்ணிவெடி அகற்றும் பணியில் உயிரிழந்த மேஜர் வி.ஆர். சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பா எழுந்து நிற்பார்.

அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. மரக்கன்று நடக் குழி தோண்டினாலும் கடப்பாரையைச் சாய்த்தே இறக்குவார்.

பட்டாளத்தில் இருந்தபோதே சிவில் டிப்ளமா முடித்தார். வெளியே வந்த பிறகு பாலம் கட்டும் வேலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றார். எத்தனையோ காங்கிரீட் பாலங்களைப் பார்த்தவர்தான், ஆனாலும் அவருக்குப் பிடித்தது, ராணுவம் இரும்புப் பேனல்களைக் கோத்து அவசரத்துக்குப் போடும் பெய்லி பாலம். பத்து அடி நீளமுள்ள ஒரு பேனல் கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் தோளும் கையுமாகத் தூக்கிவந்து, ஒன்றோடொன்று 'பின்' என்கிற இரும்பு முளையைப் போட்டு இணைக்க வேண்டும். ஒரு பின் சரியாக இறங்காவிட்டாலும் பாலத்தின் மேல் வண்டி விடக் கூடாது. எங்கள் வீட்டில் கல்யாணமோ பயணமோ, கிளம்பும்முன் அவர் கேட்கும் ஒரே கேள்வி: "பின் எல்லாம் எண்ணியாச்சா தம்பி?"

அவர் பதக்கங்களை யாருக்கும் காட்டியதில்லை. ஈமச் சடங்கன்று பெட்டியைத் திறந்தபோதுதான் நாங்களே முழுதாகப் பார்த்தோம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த டிசம்பரிலாவது பாதை போட்டவர்களுக்கும் பாலம் கட்டியவர்களுக்கும் உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபத்தைந்து ஆகிவிட்டது. தள்ளிப்போடாமல் இப்போதே நிருபர்களை அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ராத்திரி பெரியப்பாவுக்குப் பக்கத்தில் படுத்து மண்ணைக் குத்திக்கொண்டே போனவர் யார், அவர் திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்காமல் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்