உங்கள் தலையங்கமும் மூணு மணி ரிசல்ட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை ஆன்லைன் லாட்டரி பற்றி வந்த தலையங்கத்தைப் படித்தேன். பந்தலூருக்கு உங்கள் பேப்பர் வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும், மழை நாளென்றால் பதினொன்று, அது தனிக் கதை. அதில் ஒரு வரி: "2003-லேயே ஒழிந்துபோன லாட்டரி, பேராசைக்காரர்களின் செல்போன் வழியாக மீண்டும் நுழைகிறது." ஒழிந்துபோனதாம்! எழுதியவர் எங்கள் பக்கம் ஒருநாளும் வந்திருக்க மாட்டார்.

2003 ஜனவரியில் தடை வந்தது, சரி. ஆனால் தாளூர் எல்லையைத் தாண்டினால் கேரளா, கடை வாசலிலேயே சீட்டு தொங்கும், 50 ரூபாய். இது உங்களுக்குத் தெரியாததா? 2024 ஓணம் பம்பர் 25 கோடி வயநாட்டில் விற்ற சீட்டுக்குத்தான் விழுந்தது. அதற்கு முந்தின வருஷம் அதே 25 கோடி திருப்பூர்க்காரர்கள் நாலு பேருக்கு. அவர்களை எல்லாப் பேப்பரும் அதிர்ஷ்டசாலிகள் என்று எழுதின. விழாத எங்கள் ஆள் மட்டும் பேராசைக்காரன். 1968-ல் தமிழ்நாடு அரசே "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று சொல்லி விற்றபோது என் அப்பா மாதாமாதம் வாங்கினார், அப்போது அது தேச சேவை.

அந்தக் காகிதச் சீட்டையாவது விட்டுவிடலாம், ஒரு அரசாங்கம் அச்சடிப்பது. இங்கே நடப்பது மூணு நம்பர். மத்தியானம் மூணு மணிக்குத் திருவனந்தபுரத்தில் குலுக்குகிறார்கள், முதல் பரிசின் கடைசி மூணு எண்ணை வைத்து இங்கே பந்தயம், வாட்ஸ்அப்பில் நம்பரை அனுப்பினால் போதும். ஏ போர்டு, பி போர்டு என்று அந்த மூணில் ஒற்றை நம்பருக்கும் கட்டலாம். ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு கொடுக்கக்கூடாது என்று 1998-லேயே மத்தியச் சட்டம் அரசாங்கங்களுக்கே சொல்லிவிட்டது. அப்புறம் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக மாநிலச் சட்டம், 2025-ல் ஆன்லைன் பணவிளையாட்டுக்கு மத்தியத் தடைச் சட்டம். எங்கள் குரூப் அட்மினுக்கு எதுவும் தெரியாது போல, தினமும் காலையில் குட் மார்னிங் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். பக்கத்து லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு அம்மா வைத்திருந்த தேயிலை எடைச் சீட்டைப் பார்த்தேன். முன்பக்கம் 23 கிலோ. பின்பக்கம் பென்சிலால் 471, 417, அழித்து மறுபடியும் 471. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது ஏன் ஐயா தலையங்கம் வரவில்லை?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். 31 வருஷம் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதியவன், பைசா பிசகாது. ஐப்பசி மழையில் வீட்டோடு கிடந்தபோது, கேரளா லாட்டரியை ஆன்லைனில் வாங்கலாம் என்று போனில் வந்ததை நம்பி 50 ரூபாய் அனுப்பினேன். மறுநாளே ஐந்து லட்சம் விழுந்துவிட்டது! இரண்டு யானை, நடுவில் சங்கு, கேரள அரசு முத்திரையோடு சான்றிதழ் வேறு. "லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது சார், முதலில் 3,800 கட்டுங்கள்" என்றான் போனில் பேசியவன். பேப்பரிலும் அந்த 40 சதவீதத்தைப் படித்திருந்தேனா, கட்டினேன். அடுத்து 9,200 கேட்டபோது மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கேரள அரசு ஆன்லைனில் சீட்டே விற்பதில்லை, பெரிய பரிசு என்றால் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்களே தவிர ஜெயித்தவனிடம் முன்பணம் கேட்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். மற்ற நாளில் மாமரத்தடிக்குப் போனால்தான் டவர் கிடைக்கும், அன்றைக்கு மட்டும் கட்டிலில் படுத்திருந்தபோதே கோடு முழுசாக நின்றது.

புகார் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தம்பி, என் மகன் வயதுதான் இருக்கும், "இந்த வயசுல எதுக்கு சார் பேராசை?" என்று கேட்டார். நாலு பேர் முன்னால். உங்கள் தலையங்கத்திலும் அதே வார்த்தையைப் பார்த்ததும் டீ இறங்கவில்லை.

இன்னொன்று. தலையங்கம் வந்த அன்றே உங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். "இன்றைய கேரளா லாட்டரி முடிவுகள்" என்று மூணு மணி ரிசல்ட் முதலிலேயே நிற்கிறது, மூணு நம்பர்க்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கணக்குத் தீர்க்கிறார்கள். அதற்குக் கீழே ரம்மி விளம்பரம் முன்பு வந்துகொண்டிருந்ததையும் நான் மறக்கவில்லை. பேராசை யாருக்கு என்று நான் கேட்கவில்லை, தாங்கள் பெரியவர்.

அந்த ரிசல்ட்டை எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டீர்கள், தெரியும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், பணம் போன உடனே கூப்பிடவேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930 என்று ஒரு வரி போடுங்கள். எனக்கு அது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. போன தடவை பஸ் இல்லாததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், மூணு வரியாக்கிப் போட்டீர்கள். இதையும் வெட்டுவதானால் வெட்டுங்கள், 1930-ஐ மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
22 வருஷமாகக் காசு கொடுத்து வாங்கும் வாசகன்,
பந்தலூர், நீலகிரி.